மஞ்சள் பெயின்டுக்கு அடியில்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் மறுபடியும் நீர் கோத்திருந்தது. ஷைனி அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கூரியர் வேணு பந்தலுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டுத் தயங்கினார். உடைந்த ட்ரோனை எடுத்துப்போக வந்தவர்.

"நாளைக்கு வாங்க," என்றார் ஆனந்த்ராஜ் சித்தப்பா.

"ரெண்டு தரம் வந்துட்டுத் திரும்பிட்டேங்க. இன்னைக்கும் எடுக்கலன்னா வாரன்டி கம்ப்ளெயின்ட் தானா க்ளோஸ் ஆயிடும்."

முதல் தடவை ட்ரோனை வைத்த அட்டைப்பெட்டி சரியில்லை. இரண்டாம் தடவை எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வயல்களில் மருந்து தெளிப்பதுதான் ஷைனியின் தொழில். மாற்று ட்ரோன் வராவிட்டால் இந்தச் சம்பா முழுக்கச் சும்மா உட்கார வேண்டியதுதான். தென்னையில் மோதி உடைத்ததற்கு வாரன்டி கிடையாது என்று கம்பெனி முதலில் கையை விரித்தது. சுரங்கத்தில் ஃபிட்டராயிருந்து ஓய்வுபெற்ற அப்பா பவுல்ராஜ், ட்ரோன் தானே குறித்துவைத்திருந்த பறப்புக் கணக்கை இறக்கி, வரி வரியாகப் படித்தார். நான்காவது மோட்டார் முதலில் நின்றிருக்கிறது. "மோதினதால நிக்கல பாப்பா. நின்னதாலதான் மோதிச்சு," என்றார், பரீட்சையில் தேறியவர் போல. கம்பெனி ஒப்புக்கொண்டது.

வேணு ஸ்கேனரை ட்ரோனின் வயிற்றில் காட்டினார். சத்தம் வரவில்லை. சீரியல் எண் ஸ்டிக்கருக்கு மேல் மஞ்சள் பெயின்டில் 7318.

அது வேலையில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த டோக்கன் எண். சுரங்கத்தில் ஸ்பேனர் மாறிப்போகாமலிருக்க எல்லோரும் அப்படி எழுதுவார்கள். அப்பா வீட்டு வாளி, ஏணி, இட்லிக் குண்டான் எதையும் விட்டதில்லை. "என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி," என்பாள் அம்மா மார்த்தாள்.

ஷைனி அலமாரியிலிருந்து தின்னரை எடுத்தாள். நேராக ஊற்றினால் அடியிலிருக்கும் அச்சும் கரைந்துவிடும். துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஓரத்திலிருந்து உள்ளே தேய்க்க வேண்டும். ஏணியில் எழுதியதை ஒருமுறை அழித்தபோது அப்பா காட்டியிருக்கிறார்.

"சாவு வூட்ல பெயின்ட் சுரண்டிக்கினு..." என்றார் சித்தப்பா.

"விடு தம்பி," என்றாள் அம்மா. "வேலை பாதியில நின்னா அவருக்குத் தூக்கம் வராது."

எட்டு போனது. ஒன்றில் ஷைனியின் கை நின்றது. போன வாரம் கட்டிலில் சாய்ந்தபடி அப்பா சொன்னது இதே ஸ்டிக்கரைப் பற்றித்தான். "புதுசு இதே மாதிரிதான் இருக்கும். ஆனா சீரியல் நம்பர் வேற. அதனால பழைய ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணிட்டுப் புதுசா பதியணும். இந்தத் தரம் உன் பேர்லயே போடு. ஓட்டுறது நீதான?"

மூன்றும் ஏழும் போயின. ஸ்கேனர் 'பீப்' என்றது. ஜெபப் பாட்டுப் புத்தகத்திலிருந்து இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். வேணு ரசீதை நீட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி, ஃப்ரீசர் பெட்டிக்கு முன் ஒரு நிமிஷம் நின்று போனார்.

கண்ணாடியில் மறுபடியும் நீர். கையில் கிடைத்த துணியால் ஷைனி துடைத்தாள். அப்பாவின் கைகளுக்கு மேலே மெலிதாக ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். துடைக்கச் சொல்லவில்லை.