பெரியக்காவுக்கு விழுந்த மட்டம்

என் மகளின் அலுவலகத்தில் சொல்லாமல் நின்றுவிட்டால் ‘அனுமதியற்ற விடுப்பு’ என்று கைப்பேசிக்குச் செய்தி வருமாம். நான் வேலை பார்த்த காலுறைத் தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரே சொல்தான்: மட்டம்.

சொல்லிவிட்டு நின்றால் லீவு. சொல்லாமல் நின்றால் மட்டம். மூன்று மட்டம் விழுந்தால் வேலை போச்சு.

எங்கள் மேசையில் நாலு பேர் காலுறைகளை ஜோடி சேர்த்து டஜன் டஜனாகக் கட்டுவோம். கட்டிய டஜன்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சாயங்காலம் சூப்பர்வைசர் சீட்டுகளைப் பார்த்துப் பதிவேட்டை நிரப்புவார். சீட்டு இல்லாதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் மட்டம்.

ஒருநாள் எங்கள் நால்வரில் வாயாடி என்று நாங்கள் கூப்பிடுபவள் வரவில்லை. ஏற்கெனவே அவளுக்கு இரண்டு மட்டம். பெரியக்கா, நெட்டை, நான் மூவரும் மூச்சுவிடாமல் வேலை செய்து அவள் பெயரிலும் ஒரு சீட்டு போட்டோம். அங்கேதான் தப்பு. ஆசையில் நாற்பது டஜன் என்று எழுதித் தொலைத்தோம். பேச்சு போக அவள் கட்டுவதே இருபதுதான்!

சூப்பர்வைசர் சீட்டுகளும் பதிவேடும் கையுமாக வந்து நின்றார்.

“நாப்பதா! எங்க அந்த மகராசி?”

“பாத்ரூம் போயிருக்கா” என்றாள் நெட்டை.

அவள் வருகிறாளா என்று பத்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“யார்கிட்ட காது குத்துறீங்க?”

பெரியக்கா எழுந்தாள். பதினோரு வருடத்தில் ஒரு மட்டம்கூட இல்லாதவள். அவர் கையிலிருந்த தன் சீட்டை உருவி, நாலாகக் கிழித்தாள்.

“அவ சீட்டு இருக்கு. இப்ப என் சீட்டுதான் இல்ல. எனக்குப் போடுங்க மட்டம்.”

“என் கண்ணு முன்னாடிதானே நிக்கிறீங்க?”

“நின்னா என்ன சார்? சீட்டு இல்லாட்டி மட்டம். நீங்க போட்ட சட்டம்தானே?”

அவர் வாயாடியின் சீட்டை மற்றச் சீட்டுகளோடு வைத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே பெரியக்கா பெயருக்கு நேரே மட்டம் எழுதினார்.

மறுநாள் வாயாடி வந்ததும் நெட்டை பாய்ந்தாள். “எங்கடி போய்த் தொலைஞ்சே?”

“எங்கயும் போகலடி. எழுந்திருக்கவே மனசு வரல. தூங்கிட்டேன்.”

நெட்டை கையை ஓங்கிவிட்டாள். பெரியக்காவோ நாற்காலியை வாயாடி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எத்தனை மணி வரைக்கும்?”

“பதினொண்ணு.”

“அடிப்பாவி! எப்படிடி இருந்துச்சு? ஒண்ணுவிடாம சொல்லு.”

மதியம்வரை வாயாடி சொன்னாள். பெரியக்கா ஜோடி சேர்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.