எல்கானா சொன்ன மீதி

திர்ஸா கையை நீட்டி அவரை மறித்தாள். பேராசிரியர் உஸியேல் மடித்த தாளோடு அப்படியே நின்றார். அவளுக்குப் பின்னால், அடக்கக் கூடத்தின் கல்மேடையில், வெள்ளைத் துணியும் யூதர்களின் ஜெபச் சால்வையும் சுற்றிய உடலாக அவள் அப்பா எல்கானா கிடந்தார்.

"நாலு வார்த்தை பேசணும்மா. முப்பது வருஷம் அவர்கூட வேலை பாத்தவன்."

"தாளைக் காட்டுங்க."

முதல் வரியே போதுமாயிருந்தது. 'இயேசு குடும்பத்தாரின் பெயர்களை முதன்முதலில் படித்தவர்.'

பழம்பொருள் கிடங்கில் கல்லெழுத்து படிப்பதுதான் எல்கானாவின் வேலை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எருசலேம்காரர்கள் செத்தவர்களின் எலும்பைச் சேர்த்து வைத்த சுண்ணாம்புக்கல் பெட்டிகள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது திறந்துகொண்ட ஒரு கல்லறைக் குகையிலிருந்து இன்னும் சில வந்தன. ஒன்றில் 'யோசேப்பின் மகன் யேசுவா' என்று கீறியிருந்தது. இன்னொன்றில் 'மரியாம்'. உஸியேல்தான் படப்பிடிப்புக்காரர்களை அழைத்து வந்தார்.

"ஆமா, இயேசு குடும்பத்துல இருந்த அதே பேருங்கதான்," என்றார் எல்கானா கேமராவைப் பார்த்து. "ஆனா அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு மரியாம், நாலு யோசேப்பு. இதை வெச்சு யாரோட கல்லறைன்னு சொல்ல முடியாது."

தொலைக்காட்சியில் முதல் வாக்கியம் மட்டும் வந்தது. உஸியேலின் புத்தகத்திலும் அது மட்டும்தான். பதினோரு வருஷம் எல்கானா மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கூட இருந்த அறிஞர்கள் விலைபோய்விட்டான் என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் சாபமிட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரிப் பணிப்பெண்ணும் ஆசையாகத்தான் கேட்டாள். "இயேசுவோட பெட்டியைக் கண்டுபிடிச்சவர் நீங்கதானே?" அவர் பிராணவாயு முகமூடியைப் பிடுங்கினார். "இல்ல... தெருவுக்கு..." இருமல் அடைத்தது. "விடுங்கப்பா, இப்ப எதுக்கு அது," என்று முகமூடியைத் திரும்ப அழுத்தியது திர்ஸாதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

"மீதியையும் சொல்லுங்க," என்றாள் உஸியேலிடம். "இங்க, அவர் முன்னாடி."

"திர்ஸா, இது அதுக்கான நேரமில்ல."

"பதினோரு வருஷமா உங்களுக்கு நேரமே வரலையே."

தம்பி அப்னேர் அவள் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, விடு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"படத்தை வெட்டினது நானில்ல," என்றார் உஸியேல்.

"புத்தகம் எழுதினது?"

அவர் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். மீதியை யாரும் சொல்லவில்லை. அப்னேர் தடுமாறித் தடுமாறி ஜெபத்தைப் படித்தான்.

மலைச்சரிவில் வெயில் கொளுத்தியது. உடலைக் குழிக்குள் இறக்கி மேலே பலகைக் கற்களை அடுக்கினார்கள். மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்ற வழக்கப்படி ஒவ்வொருவரும் அள்ளிப் போட்டுவிட்டு அதை மண்ணில் குத்தி நிறுத்தினார்கள். உஸியேலும் மூன்று தரம் அள்ளிப் போட்டார். குத்தி நிறுத்திவிட்டு அவள் பக்கமாகக் குனிந்தார்.

"அவர் சொன்னது சரிதாம்மா. எனக்கு அப்பவே தெரியும்."

"சத்தமாச் சொல்லுங்க."

அவர் கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். பிறகு கார்கள் நின்ற பக்கமாக நடந்தார்.

திர்ஸா மண்வெட்டியைப் பிடுங்கி எடுத்தாள். அள்ளிப் போட்டாள். செருப்புக்குள் மண் போனது, உள்ளங்கை தோல் உரிந்தது. அப்னேர் கிட்டே வந்தபோது அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அள்ளினாள்.

"போதும்மா," என்றார் அடக்கச் சங்கத்துக்காரர். "மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

குழி எப்போதோ நிரம்பி மேடாகிவிட்டிருந்தது. அவள் போடப் போட, சின்னக் கற்கள் மேட்டின் மறுபக்கமாக உருண்டு பக்கத்துக் கல்லறையில் விழுந்துகொண்டிருந்தன.