ப்ராக்ஸி வக்கீல்

எவாஞ்சலின், நாட்டின் தலைநகரில் துவாரகா கோர்ட்டில் ஒரு ப்ராக்ஸி. வக்காலத்தில் பெயருள்ள வக்கீல் வராத நாளில் அவருக்குப் பதிலாக எழுந்து நின்று அடுத்த விசாரணைக்குத் தேதி வாங்குகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். உத்தரவில் ‘மனுதாரர் தரப்பில் ப்ராக்ஸி வக்கீல் ஆஜர்’ என்று மட்டும் பதிவாகும். ஆளின் பெயர் இருக்காது.

வராத அந்த வக்கீல் ஹரிஷங்கர். எவாஞ்சலினின் காதலன், மேதாவின் கணவன். மேதாவும் வக்கீல்தான். கணவனுடைய வழக்குகளின் உத்தரவுகள் இணையத்தில் ஏறியதும் ஒன்றுவிடாமல் படித்துவிடுவாள். எவாஞ்சலினோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளிடம் ஹரி கோயிலில் வைத்துச் சத்தியம் செய்திருந்தான். முடியவில்லை, சனிக்கிழமைதோறும் கோல் மார்க்கெட்டில் எவாஞ்சலினின் வாடகை அறைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். ஆகவே அவளுக்கு வக்காலத்தும் கிடையாது, பெயரும் கிடையாது. கட்சிக்காரர்களிடம் பேசுவது அவள், மனு எழுதுவது அவள், கையெழுத்து மட்டும் ஐயாவுடையது. காதலுக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஐயா எதையும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

மரியபுஷ்பத்தின் மனுவையும் அவள்தான் எழுதினாள். புஷ்பம் தூத்துக்குடிக்காரி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கணவன் இரண்டு முறை அவள் கழுத்தை நெரித்திருந்தான். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேற அவன் விடவில்லை. மகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அவனை வீட்டைவிட்டு வெளியேற்ற இடைக்கால உத்தரவு கேட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று ஹரி சொல்லியிருந்தான். காலையில் வழக்கைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும்படி எவாஞ்சலின் கேட்டு வாங்கினாள். வராந்தாவில் புஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னைக்கும் தேதி வாங்கிராதீங்க மேடம். நோட்டீஸ் அவன் கைக்குப் போயிட்டு. உத்தரவு இல்லாம அந்த வீட்டுக்குள்ள போனா என்னைய உயிரோட விடமாட்டான்.”

எவாஞ்சலின் ஹரிக்குப் போன் செய்தாள். அவன் சாணக்யபுரியில், தமிழ்நாடு இல்லத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து மேதாவின் பெரியப்பா வந்திருக்கிறாராம். பாதியில் எழுந்தால் மேதா ஆயிரம் கேள்வி கேட்பாளாம். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அச்சா, ஒரு வாரம்தானே? டேட் வாங்கிடு. பேர் மட்டும் குடுத்துடாதே, ப்ளீஸ்.”

மறுபடி வழக்கைக் கூப்பிட்டார்கள். கணவனின் வக்கீல் ஆட்சேபணைகளோடு தயாராக நின்றார். மாஜிஸ்திரேட் அம்மாள் மனுவை முழுக்கப் படித்திருந்தார். விஷயம் அவசரமானது, வக்காலத்தில் இல்லாதவர் வாதாட முடியாது, நீங்களே புதிதாக வக்காலத்து ஒன்று தாக்கல் செய்தால் இப்போதே கேட்கிறேன் என்று எவாஞ்சலினிடம் சொன்னார். பெயரைக் கேட்டார். டைப் அடிப்பவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற புஷ்பம், கையெழுத்துப் போடப் பையிலிருந்து பேனாவையே எடுத்துவிட்டாள்.

வழக்கு எவாஞ்சலினுக்கு மனப்பாடம். பத்து நிமிடம் போதும். ஆனால் சாயங்காலம் மேதா அந்த உத்தரவைத் திறப்பாள். சனிக்கிழமை அவன் வரமாட்டான். இனி எந்தச் சனிக்கிழமையும் வரமாட்டான். அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

“நான் ப்ராக்ஸிதான், மேடம். ஒரு தேதி கொடுங்கள்” என்று இந்தியில் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை என்றார் மாஜிஸ்திரேட். புஷ்பம் பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை காலை பிணவறை வாசலிலிருந்து புஷ்பத்தின் தம்பி பிராங்ளின் போன் செய்தான். இந்த முறை அக்கா கழுத்திலிருந்து அவன் கையை எடுக்கவே இல்லை என்றான்.

எவாஞ்சலின் ஹரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அழுதான். பொய் அழுகை இல்லை, அவனுக்கு இரக்கம் உண்டு. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

“ஆர்டர்ல உன் பேர் வரலையே?”

“வரல.”

“நல்லவேளை.”

அந்தக் குரலைக் கேட்பதற்காகத்தான் அவள் இத்தனை நாள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். இப்போது போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

பிணவறை வாசலில் பிராங்ளின் தோளில் அக்காவின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். இவங்கதான் அக்காவோட வக்கீல் என்று பிராங்ளின் அவரிடம் இந்தியில் சொன்னான். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றாள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, தான் என்ன செய்தோம், எல்லாவற்றையும். அவர் புதுத் தாளை எடுத்துப் பெயர் கேட்டார்.

“எவாஞ்சலின் எலியேசர்.”

அவருக்கு அது பிடிபடவில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், அவர் மெதுவாக எழுதினார். செவ்வாய்க்கிழமை இதற்கு இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது.