பத்து மாடிச் சரக்கு

வயிற்றில் தையலோடு மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து, அடித்தளத்து அறைக் கட்டிலில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார் காவல்காரர். கழிப்பறைக்குள் களக் களக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தால், பீங்கானுக்குள்ளிருந்து கறுப்பாகப் பொங்கிப் படியைத் தாண்டி வருகிறது. பத்து மாடிச் சனத்தின் பீ. யாரோ மெல்லாமல் விழுங்கின சோளமணி முழுசாக மிதந்து வந்து கட்டில் காலில் ஒட்டிக்கொண்டது.

"புண்ணுல அழுக்குப் பட்டா மறுபடி கிழிக்கணும்னு டாக்டர் சொன்னாரே," என்றாள் மனைவி.

கூட்டாளி குழாய்க்காரர் ஓடிவந்து பார்த்தார்.

"பழுது எங்கடா?" என்றார் காவல்காரர்.

"பழுதா? வேலையைச் சரியாத்தான் செய்யுது மாப்ள. வெளிக்குழாய் அடைச்சா எங்கயாவது பொங்கணும்ல? மேல பொங்கக் கூடாதுன்னுதான் கட்டினவன் உன் ரூம்ல வாய் வெச்சிருக்கான்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூக்கில் கைக்குட்டையோடு மாடிப்படியிலேயே நின்றார். "கட்டடம்னா ஒரு மெஷின்தாங்க. அதுக்கு ஆள் பாக்கத் தெரியாது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

காவல்காரருக்குத் துப்பவேண்டும்போல வாயில் எச்சில் ஊறியது. முகத்தில் காறித் துப்புகிறவனென்றால் சட்டையைப் பிடிக்கலாம். குழாய்க்கு ஏது சட்டை? நீ கீழே, நான் மேலே என்று நேருக்கு நேர் சொல்லக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டும். சிமெண்டில் ஒருதரம் சொல்லிவைத்துவிட்டால் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே கிடக்கும். சொன்னவன் கைகழுவிவிட்டு நல்லவனாக உட்கார்ந்திருப்பான். அந்தக் கைகழுவின தண்ணீரும் இங்கேதான் வரும்.

"எந்திரி. இங்க ஒரு நிமிஷம் நீ இருக்கக் கூடாது," என்றார்.

அவள் காலைக் கீழே வைத்தாள். கணுக்கால் வரை ஏறியது. ஆளுக்கொரு பக்கம் தாங்கி, மேலே வரவேற்புக் கூடத்தில் விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த நீள சோபாவில் கிடத்தினார்கள். யாரும் உட்கார்ந்து பார்க்காத வெள்ளை சோபா.

பின்னாலேயே வந்த செயலாளர் பதறினார். "இங்கயா? வர்றவங்க போறவங்க என்ன நெனைப்பாங்க? நாத்தம் வேற..."

"நான் மூக்கைப் பொத்தினா நியாயம் சார்," என்றாள் அவள், கண்ணை மூடியபடியே. "உங்களுக்கு என்ன? சொந்தச் சரக்குதானே!"

குழாய்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். செயலாளர் லிப்ட் பொத்தானை அமுக்கி அமுக்கி, அது வராததால் படியேறியே போய்விட்டார்.

அவள் காலை நீட்டினாள். பாதத்துக் கறுப்பு வெள்ளை உறையில் அப்பியது. துடைக்கத் துணி எடுத்த கூட்டாளியைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார் காவல்காரர்.

"இருக்கட்டும்டா. தூங்கறா."