கழுகுக்கு ஊசி

லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் 'ஆகாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதான லிஃப்டைக் கழுகின் காலில் கட்டி மூன்று மாடி ஏற்றியவர் அவர். சாட்சி கேட்டால், கழுகு வெளியூர் போயிருக்கிறது என்பார். அப்பேர்ப்பட்டவர் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத வேலை.

அவள் தையல் மெஷினில் இருந்தாள். சக்கரம் கடகடவென ஓடியது.

"இருமலுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

நோயின் பேரை நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்தார்.

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு காவல்காரங்க இருக்காங்கல்ல, அதுல ஒரு கூட்டம் மேஸ்திரி மாதிரி. 'திருடன் வந்துட்டான், அடி'ன்னு மத்தவங்களுக்குக் குரல் குடுக்கறது அவங்கதான். ஒரு கிருமி நேரா மேஸ்திரி வீட்டுக்குள்ளயே பூந்து, அவன் அடுப்புலயே சமைச்சு, தன்னை மாதிரியே கூட்டங்கூட்டமா பெத்துப்போட்டு, அவனையும் கொன்னுட்டு வெளிய வருது."

"கழுகு எவ்வளவோ பரவாயில்ல," என்றாள், சக்கரத்தை நிறுத்தாமல்.

"கேளு. வருஷக்கணக்கா சத்தமே காட்டாதாம். மேஸ்திரிங்க குறைஞ்சுக்கிட்டே வருவாங்க. அப்புறம் குரல் குடுக்க ஆளில்ல. வாய்க்குள்ள சும்மா கிடந்த பூஞ்சையெல்லாம் நாட்டாமை ஆயிடும்."

அவர் ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்ன முதல் கதை. இதுவரை அவர் சொன்னதிலேயே பெரிய புளுகாக அதுதான் கேட்டது.

"சரி, கடைசியில நீங்க எப்படி ஜெயிச்சீங்க?"

அவர் கதையில் எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். அது வீட்டுச் சட்டம்.

"ஜெயிக்கல." நாக்கை நீட்டினார். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "எனக்கு எச்.ஐ.வி."

மெஷின் நின்றது. ஊசி துணிக்குள்ளேயே நின்றது.

"எப்படின்னு அப்புறம் கேக்கறேன். எனக்கும் இருக்குமா?"

"தெரியல. உன்னையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. மாத்திரை இருக்காம். தினமும் விடாம போட்டா அது அடங்கிக் கிடக்கும், மேஸ்திரிங்க கொஞ்சம் கொஞ்சமா திரும்புவாங்களாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"பொய்னு சொல்லுங்க."

எத்தனையோ பொய் சொன்னவருக்கு அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அவள் நூலை வெட்டினாள். செருப்பை மாட்டினாள். அவரும் பின்னால் போனார். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க அக்கா, ஜோடியா இவ்வளவு அவசரமா?"

ஆகாசம் வாயைத் திறந்தார்.

ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனைவி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இவரோட கழுகு வெளியூர்லேருந்து வந்துடுச்சு," என்றாள். "அதுக்கு ஊசி போடப் போறோம்."