குஞ்ஞேலி நின்ற இடம்

குஞ்ஞேலி வெள்ளத்தில் இறந்த பிறகு, அவள் எப்படி இறந்தாள் என்று யாராவது கதை சொன்னால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மற்றக் கதைகளுக்கு ஏறாது. நிலம் அளக்க வந்த அதிகாரியைத் துடுப்பை ஓங்கி விரட்டிவிட்டு, பசித்த முகம் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டுக் கப்பைக் கிழங்கும் மீனும் போட்ட கதை. புருஷனை அடக்கம் செய்கையில், "சீக்கிரம் முடிங்க அச்சா, மழை வருது, அவருக்குச் சளி பிடிக்கும்" என்று பாதிரியாரை அதட்டிய கதை. இவற்றைப் பேரப்பிள்ளைகள் எத்தனை தரம் கேட்டாலும் தரை காய்ந்தே கிடந்தது.

சாவுக் கதையை மகன் வர்க்கிச்சன்தான் சொல்வார். "அம்மச்சி வள்ளத்துல ஏற மாட்டேன்னுட்டா. நான் வாழ வந்த வீடு, மாதா பார்த்துப்பான்னு ஜெபமாலையும் கையுமா உக்காந்துட்டா." முதல் வருட நினைவு நாளில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கணுக்காலளவு காயல் தண்ணீர் வாசல்படியேறி வந்தது. மறுவருடம் முழங்கால். குட்டநாட்டில் தண்ணீரைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. விருந்துக்கு வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். வாத்து மேய்க்கும் பாப்பன் கதை சொல்லும் நேரத்தை விசாரித்துத் தன் வாத்துகளை ஓட்டி வந்தான். சேறு கழுவும் மனைவி லீலாம்மா மட்டும், "அந்தக் கதையை விட்டுத் தொலைங்களேன்" என்பாள். அவராலும் விட முடியவில்லை. ஊராரும் கேட்காமல் இருக்கவில்லை.

ஏழாம் வருடம் குவைத்திலிருந்து அவருடைய அக்கா ரோசிலி வந்தாள். அங்கே நர்ஸ். அடக்கத்துக்கு அவளுக்கு விடுப்புக் கிடைத்திருக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும், "அம்மச்சி எப்படிடா போனா?" என்று கேட்டாள். வர்க்கிச்சன் தொடங்கினார். தண்ணீர் வந்தது. மற்றவர்கள் தட்டுகளோடு, வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய மாடிக்கு ஏறினார்கள். ரோசிலி அசையவில்லை.

"ஏற மாட்டேன்னாளா? சந்தைக்குப் போற வள்ளம் கரையில முட்டுறதுக்கு முன்னாடியே தாவி ஏறுறவடா அவ!"

தண்ணீர் இடுப்பைத் தாண்டியது.

"எனக்குச் சொன்ன கதை போதும் வர்க்கி. நடந்ததைச் சொல்லு."

அவர் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி சொன்னார். "அம்மச்சி ஏறத்தான் வந்தா, சேச்சி. காலைத் தூக்கிட்டா. வள்ளத்துல பிள்ளைங்க, லீலாம்மா, அப்புறம் நீ அனுப்பின ஃபிரிட்ஜ். இன்னொரு ஆள் ஏறினா கவுந்துடும்னு தோணிச்சு. 'இறங்கி நில்லும்மா, இதை இறக்கிட்டு ஓடி வந்துடுறேன்'னேன். 'பார்த்துப் போடா, கயித்தை இறுக்கிக் கட்டு'ன்னா. திரும்பி வர வெள்ளத்தோட ஒழுக்கு விடல."

அம்மா மீனும் மோரும் கெடாமல் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் ரோசிலி அந்த ஃபிரிட்ஜை அனுப்பியிருந்தாள்.

"எத்தனை மணிக்குப் போனே?"

"பன்னெண்டு."

"எத்தனை மணிக்கு வந்தே?"

"நாலு."

"எங்கே நின்னா?"

தெற்கு ஜன்னலைக் காட்டினார். கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது என்றார். அடக்கத்தன்று அழாத மனிதர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். ரோசிலி அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், அந்தக் கம்பியைத் தானும் பிடித்து, அவரையும் பிடிக்கவைத்தாள். அப்படியே நின்றார்கள். உண்மை வெளிவந்ததும் வடிந்துவிடும் என்று மாடியில் இருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லீலாம்மா மாடிப்படியில் நின்று ஓர் உருளியில் கஞ்சி வைத்து மிதக்கவிட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. நான்கு மணி நேரம் நின்று தீர்ந்த பிறகுதான் தண்ணீர் வந்த வாசல்படி வழியாகவே இறங்கிப் போயிற்று.

அடுத்த வருடம் முதல் யாரும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நாளில் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் தானாக வருகிறது. குடும்பம் முழுவதும் இறங்கி நிற்கிறது. நான்கு மணிக்குத் தண்ணீர் போகிறது. போன வருடம் கல்யாணமாகி வந்த மருமகளுக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. காதுக் கம்மல்களைக் கழற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, தண்ணீரில் இறங்கி மாமனார் பக்கத்தில் போய் நின்றாள்.