சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனம்

அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைக்குப் பின்னால் இருந்த நாப்கின் பாக்கெட்டைக் கையில் எடுத்தபோதுதான் சகாயம்மாளுக்கு அது உறைத்தது. பள்ளிக்கூடத்தில் மகள் ஜோஸ்லினுக்கு இலவசமாகக் கொடுத்தது அது. ஆனால் பிரித்தது சகாயம்மாள். போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் அதிலிருந்து எடுத்ததெல்லாம் அவள்தான். அவள் எடுத்தது போக மீதி எல்லாம் அப்படியே இருந்தது. அப்படியென்றால் பிள்ளை எதை எடுத்தாள்?

ஒருவேளை பிள்ளைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதா? பாக்கெட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற சாலையில் ஒரு கோழிப்பண்ணையில் அவளுக்கு முட்டை பொறுக்குகிற வேலை. காலையில் உள்ளே போனால் கூண்டு வரிசைகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்பிருந்தே அவளுக்கு உடம்பு சரியில்லை. மாதவிலக்கு வந்தால் நிற்பதில்லை. பழைய சேலைத் துணி மத்தியானத்துக்குள் நனைந்துவிடும். பண்ணையில் மாற்றிக்கொள்ள மறைவான இடம் கிடையாது. கடையில் வாங்கலாமென்றால் அரிசியும் கேஸும் முந்திக்கொள்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் அன்றைய கூலி போய்விடும், போதாததற்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பண்ணைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வேறு பயம் காட்டியது. அப்போதுதான் ஒருநாள் ஜோஸ்லின், "என்னோடத எடுத்துக்கம்மா, எனக்கு நெறய இருக்குது," என்றாள். இவளும் நம்பிவிட்டாள். தேவை கழுத்தைப் பிடிக்கும்போது யார் என்ன சொன்னாலும் நம்பத்தான் தோன்றும்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் மாதா கோயிலில் பாட்டுக் குழு ஒத்திகை என்று போகிறவள் இருட்டித்தான் வருகிறாள். சில நாட்களில் யாரும் சொல்லாமலே விடிகாலையில் எழுந்து வெளியே வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கிறாள். பொறுப்பு வந்துவிட்டதென்று சகாயம்மாள் பூரித்துப்போயிருந்தாள். இப்போது அதுவும் சந்தேகமாகத் தெரிந்தது. நடையும் மாறியிருக்கிறது. காலை அகட்டி வைத்து மெல்ல நடக்கிறாள்.

அன்று சாப்பிடும்போது நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"ஏஞ் சாமி, ஒடம்பு நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதும்மா."

"மாசா மாசம் செரியா வருதா?"

"ம், வருதும்மா." ஜோஸ்லின் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

வருகிறதென்றால் தான் எடுத்ததற்கு மேல் பாக்கெட்டில் ஏன் குறையவில்லை? பச்சைப் பொய்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருசன் தோமினிக் வெளியிலிருந்து சத்தம் போட்டான். அவன் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கழிகிற துண்டுத் துணியைப் பட்டறைக்காரர்கள் மூட்டையாக வாங்கிப் பெயின்ட் துடைப்பார்கள். பனியன் வேஸ்ட் என்று பேர். அதில் ஒரு மூட்டையை மொபெட் துடைக்கவென்று வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தான்.

"வேஸ்ட் மூட்ட பாதியாயிருச்சே, ஆரு எடுத்தது?"

"எலி இழுத்திருக்குமுங்க," என்று சகாயம்மாள் சீறினாள். "இங்க மனுசிக்கு ஆயிரம் ரோதன. உங்களுக்குக் கந்தல்துணிதான் பெருசாப் போச்சு."

தோமினிக் மொபெட்டைத் துடைக்கப் போய்விட்டான். அவனிடம் விஷயத்தைச் சொல்ல முடியுமா? பெண் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். கேட்டால் முதலில் அரிவாளைத் தேடுவான், அப்புறம் அழுவான்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவார்; ஒவ்வொருவராகப் போய்ச் செய்த பாவங்களை அவர் காதில் சொல்ல வேண்டும். பெற்றவளிடம் பொய் சொல்கிற பிள்ளை, சாமியாரிடம் அப்படிச் சொல்லத் துணியாது. அங்கே என்ன சொன்னாள் என்பது இவள் காதில் விழாதுதான். ஆனால் சகாயம்மாளுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் எவ்வளவு நேரம் முழந்தாளில் நிற்கிறார் என்பதை வைத்தே பாவம் பெரியதா சின்னதா என்று சொல்லிவிடுவாள். கோயில் பங்கு ஜனங்களில் பாதிப் பேரைப் பற்றி அவள் வைத்திருக்கும் அபிப்பிராயம் இப்படி வந்ததுதான்.

சனிக்கிழமை அம்மாவும் பெண்ணும் போனார்கள். சகாயம்மாள் கருஞ்சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். இப்போதெல்லாம் வெளியே போக அவளுக்கு அந்த ஒரு சேலைதான் தைரியம். பின்வரிசை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள்.

வரிசையில் முன்னால் இருந்தவர்கள் வந்த வேகத்தில் எழுந்து போனார்கள். ஜோஸ்லின் முழந்தாளிட்டாள். எழுந்திருக்கவில்லை. சகாயம்மாளின் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. பெரிய பாவம்தான். பரீட்சை என்ன ஆகும்? பங்கு ஜனங்கள் என்ன பேசுவார்கள்? எந்தப் பயல்? அங்கே ஜோஸ்லினின் தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாள். "மாதாவே, எம் புள்ளையக் காப்பாத்து," என்று சகாயம்மாள் முணுமுணுத்தாள். எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், அங்கேயே நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

வெளியே மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் ஜோஸ்லினைப் பிடித்து நிறுத்தினாள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை யாரும் கேட்கக்கூடாது. தெரிந்துதான் கேட்டாள்.

"இத்தன நேரம் என்னத்தச் சொன்ன?"

ஜோஸ்லின் மூக்கை உறிஞ்சினாள். "திருடீட்டேன்னு சொன்னேன்."

"திருடுனியா?"

"அப்பாவோட பனியன் வேஸ்ட்ட. அதத்தான் மடிச்சு வெச்சுக்கறேன். விடியறதுக்குள்ள வெந்நி அடுப்புல போட்டு எரிச்சர்றது. அப்பறம் எங்கிட்ட நெறய இருக்குதுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன். ரெண்டையுஞ் சொன்னேன்."

சகாயம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கர்த்தாவே, இவ்வளவுதானா! கெபிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் ஜோஸ்லின் சிரிக்கவில்லை. வழக்கம்போலக் காலை அகட்டியபடி நின்றாள். பட்டறை மூலையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பாக்களோடு கிடந்த துணி அது என்பது அப்போதுதான் சகாயம்மாளுக்கு நினைவு வந்தது.

"அது ஒத்துக்கலையா கண்ணு?"

"தொடையெல்லாம் புண்ணாயிருச்சும்மா. நடந்தா எரியுது."

இத்தனை நாளும் இந்த நடையைப் பார்த்துவிட்டு அவள் என்னவெல்லாம் நினைத்தாள்! "அட கிறுக்குப் புள்ள. உன்னோடத நீ வெச்சுக்கறதுக்கு என்ன வந்துச்சு?"

"நீ பண்ணையில நாளெல்லாம் நிக்கோணும். நான் பெஞ்சுலதான ஒக்காந்திருக்கறேன்?"

சகாயம்மாள் மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்புறம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். "சாமியார் என்ன அபராதம் குடுத்தாரு?"

"மூணு அருள் நிறைந்த மந்திரம். அப்பறம் உன்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுமாம்."

"என்னையவா? எனக்கென்ன கேடு?"

"ராத்திரி ராத்திரி நீ சேலைய அலசறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. நகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. நீ எங்க செத்துப்போயிருவியோன்னு பயந்துதான் உள்ள அழுதேன்."

சகாயம்மாள் தன் நகங்களைப் பார்த்தாள். இவள் பிள்ளையை வேவு பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை இவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சாமியார் நெசமாவே அப்புடிச் சொன்னாரா, இல்ல நீயாச் சேத்துக்கிட்டியா?"

"அபராதத்தப் பத்தியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

சாமியாரிடம் போய்க் கேட்கவும் வழியில்லை. பாவசங்கீர்த்தன ரகசியம், உயிரே போனாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார். அபராதத்தைச் செய்யாமல் விட்டால் பிள்ளை பூசையில் நன்மை அப்பம் வாங்க முடியாது. சகாயம்மாள் வசமாக மாட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பண்ணைக்குப் போகாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டுப் போடும் ஜன்னலில் நீளமான வரிசை. உள்ளே இருந்த பெண் நிமிராமலே, "யாருக்கு?" என்று கேட்டாள்.

"புள்ளைக்கு..." என்று சகாயம்மாள் ஆரம்பித்தாள். ஜோஸ்லின் அவள் கையைக் கிள்ளினாள்.

"ரெண்டு பேருக்குமுங்க," என்று சகாயம்மாள் திருத்தினாள்.

"உங்களுக்கு என்னம்மா?"

சகாயம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆண்களும் நின்றிருந்தார்கள். பண்ணையில், வீட்டில், ஜெபத்தில்கூட அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டர் என்ன சொல்வாரோ, எதை எடுக்கச் சொல்வாரோ என்று யோசனை ஓடியது.

"பொங்கலுக்கு முந்தி இருந்தே ரத்தம் நிக்கறதில்லைங்க," என்றாள். பயத்தில் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. சீட்டு கைக்கு வரும்வரை ஜோஸ்லினின் கையை அவள் விடவில்லை.